ஐலா விஸ்கியின் புகைமணம்

ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே கொண்டு செம்புக் கொப்பரைகளில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிரவைக்கப்படும் மதுவே சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி எனப்படுகிறது. அந்நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஐலா தீவின் லாகவூலின், ஆர்ட்பெக் போன்ற வகைகளில் மேலோங்கும் புகைமணம், முளைத்த தானியத்தை உலர்த்துகையில் எரிக்கப்படும் பீட்டிலிருந்து, அதாவது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைகுறையாக மட்கிய தாவரப் படிவிலிருந்து, எழும் பீனால் சேர்மங்களால் உண்டாகிறது. மருத்துவமனையை நினைவூட்டும் இம்மணம் முதன்முறை முகர்வோரை விலகச் செய்வதில் வியப்பில்லை. சுவைத்தல் என்பது பெரும்பாலும் முகர்தலே என்பதால், வாய் குறுகிய கோப்பையில் சிறிதளவே ஊற்றிச் சில துளி நீர் சேர்ப்பர். அவ்வாறு நீர் கூடும்போது குவாயகால் என்னும் புகைமணச் சேர்மம் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது என்று 2017இல் சுவீடன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணினி உருவகத்தின் துணையுடன் விளக்கினர். பனிக்கட்டியோ மணத்தை அடக்கிவிடுகிறது.