முதுமையும் சிறுநீரகமும்

சென்னைக் கிண்டியில் 1899ஆம் ஆண்டில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. பெரியம்மை ஊர்தோறும் உயிர்களை வாரிச் சென்ற காலம் அது. அந்நோயைத் தடுக்கும் மருந்தை ஆக்குவது அந்நிலையத்தின் முதற்பணியாயிற்று. அதே வளாகத்தில், 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. கொள்ளை நோய்கள் அடங்கின. மக்கள் நெடுநாள் வாழலாயினர். ஆகவே முதுமையைப் பேணும் மருத்துவமும் தேவையாயிற்று.

முதுமை உடலில் விளைவிக்கும் மாறுதல்களுள் சில வெளிப்படையானவை. முடி நரைக்கிறது, தோல் சுருங்குகிறது. வேறு சில கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிறுநீரகத்தில் நிகழும் மாறுதல் அத்தகையது.

முதுகெலும்பின் இரு புறமும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவினது. அவரை விதை போன்ற வடிவினது. அதனுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெப்ரான்கள் உள்ளன. இவையே குருதியைத் தூய்மை செய்யும் நுண்ணிய வடிப்பான்கள். ஒரு நாளில் இவை வடிக்கும் நீர்மம் ஏறத்தாழ 180 லிட்டர் ஆகும். அதில் பெரும்பகுதி மீண்டும் குருதியிலேயே சேர்கிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே கழிவுப் பொருள்களுடன் சிறுநீராக வெளியேறுகிறது.

பிறந்த பின்னர்ப் புதிய நெப்ரான்கள் தோன்றுவதில்லை. வயது ஏற ஏற அவற்றுள் பல தேய்ந்து மறைகின்றன. சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியின் அளவும் குறைகிறது. இளமையில் சிறுநீரகங்கள் நிமிடத்திற்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் வரை வடிக்கும். நாற்பது வயதுக்குப் பின், இவ்வளவு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் குறைந்து வருவது பலரிடமும் காணப்படுகிறது. எனினும் இஃது எல்லார்க்கும் ஒரே வகையாக நேர்வதன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினரிடம் இக்குறைவு காணப்படவில்லை.

இக்குறைவு தன்னளவில் நோயன்று. ஒரு சிறுநீரகத்தைப் பிறருக்கு ஈந்தவர் மற்றொன்றைக் கொண்டே நலமாக வாழ்கின்றார் அன்றோ? தேவைக்கு மிகுதியான ஆற்றலை இயற்கை அவ்வுறுப்புக்கு அளித்துள்ளது. குதிரில் நெல் நிறைந்திருக்கும் வீடு ஓராண்டுப் பஞ்சத்தைத் தாங்கும். நெல் குறைந்த வீடு சில திங்களிலேயே தளரும். முதியவரின் சிறுநீரகம் நெல் குறைந்த குதிரை ஒத்தது. அன்றாட வாழ்வுக்கு அது போதும். திடீர் இடர் வந்தால் போதாது.

அவ்விடர் பல வழிகளில் வரும். முதுமையில் தாக உணர்ச்சி மங்குகிறது; சிறுநீரைச் செறிவாக்கி உடலின் நீரைச் சேமிக்கும் திறனும் குறைகிறது. ஆகவே கத்திரி வெயிலிலும், வாந்தி பேதி கண்ட போதும் முதியவர் உடல் விரைவில் நீர் வற்றிப்போகும். மூட்டு வலிக்காகத் தாமாகவே வாங்கி உண்ணும் வலி நீக்கி மாத்திரைகளும் சிறுநீரகத்தைத் தாக்கும். சில மருந்துகள் உரிய காலத்தில் வெளியேறாமல் உடலில் தங்கிவிடும். எனவே மருத்துவர் அவற்றின் அளவைக் குறைத்துத் தருவார்.

மற்றொன்றும் அறியத் தக்கது. தசைகளில் உண்டாகும் கிரியாட்டினின் என்னும் கழிவுப் பொருள் குருதியில் எவ்வளவு உள்ளது என்பதைக் கொண்டு சிறுநீரகத்தின் நிலை மதிப்பிடப்படுகிறது. முதியவரின் தசை மெலிந்திருப்பதால் அக்கழிவு குறைவாகவே உண்டாகும். அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தும் அவ்வெண் இயல்பானது போல் தோன்றலாம். ஆதலால் மருத்துவர் அவ்வெண்ணோடு வயதையும் சேர்த்தே கணக்கிடுகின்றார்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இத்தேய்வை விரைவுபடுத்துவன. அவற்றைக் கட்டுப்படுத்தலும், உப்பைக் குறைத்தலும், புகையை விலக்கலும் இளமையிலேயே தொடங்க வேண்டிய பழக்கங்கள்.

வீட்டிலுள்ள பாட்டனும் பாட்டியும் தாகமில்லை என்று வாளா இருப்பர். இதயநோய் முதலிய காரணங்களால் நீரைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தாலன்றி, வேளைதோறும் நீரோ மோரோ முகந்து கொடுத்துப் பருகச் செய்தல் பேரப்பிள்ளைகளின் கடமை. வலிக்கு மாத்திரை வாங்கிவரச் சொன்னால், மருத்துவரைக் கேட்போம் என்று பணிவுடன் எடுத்துரைத்தலும் அவர்கள் கடமையே. இச்சிறு தொண்டு ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.