கையெழுத்துப் போடுவதற்கு முன்: பள்ளிக்கூடம் சொல்லித்தராத பாடங்கள்



நம் பிள்ளைகள் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வெளியே வருகிறார்கள். வரும்போது வாழ்வதற்கு வேண்டிய எந்தெந்தக் காரியங்களைத் தெரியாமல் வருகிறார்கள் என்பதே இன்றைய என் பேச்சு. பத்தாம் வகுப்பில் அடிப்படை உரிமைகளைப் படிக்கிறார்கள். நீதிப்பேராணைகள் ஐந்தின் பெயரையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே பிள்ளையின் அப்பாவை ஊர்த் தெருவில் நான்கு பேர் அடித்துவிட்டால், காவல் நிலையத்தில் கொடுக்கிற புகாரை எப்படி எழுதுவது, அவர்கள் தருகிற தாள் வழக்குப் பதிவானதற்குச் சான்றா இல்லையா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆட்கொணர்வு மனு தெரியும், புகார் மனு தெரியாது.

இதெல்லாம் வீட்டிலே பெரியவர்கள் சொல்லித்தர வேண்டியது என்பார்கள். எந்த வீட்டில் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அதுவரை கிராமத்து நிலக் கணக்கு தலைமுறை தலைமுறையாக ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை திண்ணையில் விளையாடும்போதே பட்டா, சிட்டா, அடங்கல் என்ற சொற்கள் காதில் விழுந்துவிடும். தாசில்தாரிடம் எப்படிப் பேசுவது, எந்தத் தாளை யாரிடம் நீட்டுவது என்பது அவனுக்குப் பழக்கத்தில் வந்துவிடும். இதைத்தான் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்றார். வீடு தருவதைப் பள்ளிக்கூடம் எல்லாரிடமும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இல்லாதவனை மந்தம் என்று சொல்லும். அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தொட விடாமல் வைக்கப்பட்டிருந்த சமூகத்துக்கு, பள்ளிக்கூடம் ஒன்றுதான் அதைக் கற்கும் இடம். அங்கேயும் கிடைக்கவில்லை என்றால் வேறு எங்கும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'வாழ்க்கைக்குப் பயன்படும் கல்வி' என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் அந்தப் பெயரில்தான் வந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. இன்றும் கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையை அழைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். செய்முறைப் பயிற்சி என்ற பேரில் விளக்குமாறு கொடுக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு துணைபோகக் கூடாது. நாம் கேட்பது தொழிற்பயிற்சியை அல்ல. அரசோடும் முதலாளியோடும் தலைநிமிர்ந்து பேசத் தேவையான காகித அறிவைக் கேட்கிறோம். அதில் நான்கு பாடங்களை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதல் பாடம், புகார். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. முதல் தகவல் அறிக்கை வேறு. அதில் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவுகள் இருக்கும். சி.எஸ்.ஆரைக் கையில் வைத்துக்கொண்டு 'கேஸ் போட்டாச்சு' என்று மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் வேறு நிலைய எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலனில்லை என்றால் நீதிமன்றத்தை நாடலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு காவலருக்குக் கடமை விதிக்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. 2018-இல் சேர்க்கப்பட்ட 18அ பிரிவின்படி, வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. 'விசாரிச்சுட்டுச் சொல்றோம், போய்ட்டு வாங்க' என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இவ்வளவு இருந்தும் வழக்கு எங்கே உடைகிறது? பல நேரங்களில் முதல் நாள் எழுதிய தாளிலேயே உடைகிறது. சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்ற குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்ததற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் எந்த இடம், எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லைச் சொன்னார்கள், இரு தரப்பும் எந்தச் சாதி என்பதெல்லாம் முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். 'கேவலமாகத் திட்டினார்கள்' என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபமாகிவிடும். தமிழ்ப் பாடத்தில் விடுப்பு விண்ணப்பமும் வாழ்த்துமடலும் எழுதச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி, இடம் நேரம் ஆள் சுட்டி எழுதும் பயிற்சியையும் அதே வகுப்பில் தரலாமே?

இரண்டாவது பாடம், நிலம். கிரயப் பத்திரம் பதிவுத்துறையின் ஆவணம். பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். ஒன்று கையில் இருப்பதால் மற்றது தானாக மாறிவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். நம் குடியிருப்புகளில் இன்னொரு கொடுமையும் உண்டு. வீட்டுமனைப் பட்டாவை மேடையில் வைத்துக் கொடுத்திருப்பார்கள்; புகைப்படமும் எடுத்திருப்பார்கள். மனையை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள், வட்டக் கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார்கள். காகிதம் பெட்டியில் இருக்கும், மனை யாருக்கும் தெரியாது. பட்டாவில் உள்ள புல எண்ணைப் படிக்கவும், புலப்படத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும், அளந்து காட்டச் சொல்லி மனு எழுதவும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். வடிவியல் வகுப்பில் அளவுகோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளைதானே?

இது சாதாரண விஷயமில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-இல் ஆங்கில அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போனதில் மிரட்டலுக்கும் கடனுக்கும் பங்கு உண்டு. நிபந்தனை தெரியாமல் வைத்த கைநாட்டுக்கும் பங்கு உண்டு. அவற்றை மீட்கப் போராடி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். தன் ஊரின் 'அ' பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, அந்தப் போராட்டத்தின் அடுத்த தலைமுறை.

மூன்றாவது பாடம், உதவித்தொகையும் தகவலும். பட்டியல் சாதி மாணவருக்குச் சாதிச் சான்றிதழ் தருபவர் வட்டாட்சியர், பழங்குடி மாணவருக்குத் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். இது தெரியாமல் அலைந்து கல்லூரிச் சேர்க்கையைத் தவறவிட்ட பழங்குடிப் பிள்ளைகள் உண்டு. தனியார் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-இல் வந்த அரசாணை எண் 92 சொன்னது. அந்த எண்ணைத் தெரிந்த மாணவர் அலுவலகத்தில் நின்று வாதாடினார். தெரியாதவரின் அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. கெஞ்சிக் கேட்காமல் உரிமையோடு கேட்கும் மொழியை ஒரு பிள்ளை முதன்முதலில் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நான்காவது பாடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம்: எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது. வெற்றுத் தாளில் போடக் கூடாது. படித்துக் காட்டாததில் போடக் கூடாது. நகல் தராததில் போடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி ஒருவர் இறந்துபோனால், பிணம் வீட்டுக்கு வருமுன்னே ஒப்பந்தக்காரரின் ஆள் கொஞ்சம் பணத்தோடும் முத்திரைத் தாளோடும் வந்து நிற்கிறார். உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சாவுக்கு 2014-இல் 10 லட்சமும், 2023 அக்டோபரில் 30 லட்சமும் இழப்பீடு என்று உத்தரவிட்டிருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற மகளோ மகனோதான். அந்தப் பிள்ளை 'இருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது, 15100 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இந்த எண் எத்தனை பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது?

தெரிந்துகொண்டால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்காது. சட்டம் பேசுகிற சேரிப் பையனுக்கு இரண்டு அடி கூடுதலாகவே விழும் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தனிமனிதத் திறமையாகச் சொல்லித்தரக் கூடாது என்கிறேன். 'வாழ்க்கைத் திறன்' என்ற பெயரில் வருகிற பயிற்சிகள் சிரித்துப் பேசு, கோபத்தை அடக்கு, நேரத்தை நிர்வகி என்று பிள்ளையைத் திருத்தப் பார்க்கின்றன. அலுவலகத்தைத் திருத்தப் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் தனியாகப் போவதைவிட ஐந்து பேராகப் போவது ஏன் பாதுகாப்பு, மனுவின் நகலை யார் யாரிடம் வைப்பது, சாட்சிக்குத் துணையாக யார் நிற்பது என்பதும் பாடத்தில் சேர வேண்டும். அறிவும் அமைப்பும் சேர்ந்தால்தான் அடி குறையும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பதும் உண்மை. புதுப் பாடநூல் எதையும் நான் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை போதும். தமிழ் வகுப்பில் புகாரும் மனுவும், கணக்கு வகுப்பில் கந்துவட்டியும் சம்பளச் சீட்டும், சமூக அறிவியலில் தகவல் மனுவும் புலப்படமும். ஆண்டுக்கு ஒருமுறை கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் வட்ட நீதிமன்றத்துக்கும் சுற்றுலா. இதை இந்த மன்றம் தீர்மானமாக எழுதிப் பள்ளிக் கல்வித்துறைக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்காமல் நம் இரவுப் பாடசாலைகளில் நாமே தொடங்கவும் வேண்டும்.

மனு எழுதுவது நமக்கு அந்நியமான கலையும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1890-களிலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையெழுத்தைத் திரட்டி ஆங்கிலேய நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நமக்குள்ள உரிமைக்காக 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. அந்தத் தீர்மானம் நிறைவேறி நூறாண்டு ஆகிவிட்டது. அப்படி ஒரு தீர்மானம் இருந்ததே இன்றும் நம் தெருப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியில் இருக்கிற பட்டாவை எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதில் உள்ள புல எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வகுப்பு அங்கே தொடங்கட்டும்.

ஜெய்பீம்.