முன்பணம் கொடுத்தால் ஆளே சொந்தமாகிவிடுமா?

2025 மே மாதம் காஞ்சிபுரம் அருகே புதைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனின் உடலைப் போலீசார் தோண்டி எடுத்தனர். ஆந்திராவின் யானாதி பழங்குடியைச் சேர்ந்த அவன் குடும்பம், 25,000 ரூபாய் கடனுக்காக வாத்து மேய்த்துவந்தது. தந்தை இறந்தபின் ஊருக்குத் திரும்ப நினைத்த தாயிடம் வட்டியோடு 45,000 ரூபாய் கேட்ட முதலாளி, பணம் வரும்வரை பையனைப் பிணையாக நிறுத்திக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு.

ஆள்கடத்தலில் பெரும்பகுதி இப்படித்தான். யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. முன்பணம் வாங்கியவர்கள் தாங்களாகவே போய்ச் சேர்கிறார்கள்.

சிக்குவது எப்படி?

கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, சாவு என்று வீட்டில் பணமுடை வரும்போது மேஸ்திரி வந்து நிற்பார். கைநாட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தையே செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ மரம் வெட்டவோ கூட்டிப்போவார். கணக்கு நோட்டு முதலாளியிடம். வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசும் கடனிலேயே ஏறும். தமிழ்நாட்டில் இருளர் குடும்பங்கள் பல இப்படி மாட்டியிருக்கின்றன. வெளியே போக அனுமதி கேட்க வேண்டும், வேறு வேலைக்குப் போகக் கூடாது, துக்கத்துக்குப் போனாலும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால், அது கொத்தடிமைத்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு ஆள்கடத்தலையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவே வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதே. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "அவர்களே சம்மதித்துத்தானே வந்தார்கள்?" என்ற வாதம் எடுபடாது. ஆள்கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு. கடத்தப்பட்டது குழந்தை என்றால், குறைந்தது 10 ஆண்டு சிறை.

என்ன செய்யலாம்?

பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. பார்த்தவர் யாரும் சொல்லலாம். மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் தகவல் கொடுங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகள் இருந்தால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. முதலாளியிடம் நேரில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். விடிவதற்குள் குடும்பத்தையே வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதிகாரிகள் விசாரிக்கும்போது முதலாளியோ மேஸ்திரியோ பக்கத்தில் இருக்கக் கூடாது என்று கேளுங்கள்.

மீட்டு வண்டி ஏற்றி ஊருக்கு அனுப்பினால் மட்டும் போதாது. விடுதலைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கடன் ரத்தானதற்கும் அரசு உதவிக்கும் ஆதாரம் அதுதான். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு 3 லட்சம் என மத்திய அரசுத் திட்டம் வகுத்திருக்கிறது. இந்தப் பெருந்தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வழக்கைப் பாதியில் விட்டுவிடக் கூடாது.

ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசி, "வாங்கினதுல பாதியாவது கட்டிட்டுப் போ" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கொத்தடிமைக் கடனில் ஒரு ரூபாய் திரும்ப வாங்கினாலும், வாங்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.