யாப்பைத் திருத்துவது யார்?

சமஷ்டி பற்றி நம்மவர் மத்தியில் நடக்கும் விவாதங்களில் அதிகாரப் பட்டியல்தான் எப்போதும் முன்னுக்கு வருகிறது. காணி யாருக்கு, பொலிஸ் யாருக்கு, கல்வி யாருக்கு என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். அந்தப் பட்டியலை நாளை மாற்றி எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்டால், அதெல்லாம் சட்டத்தரணிகளின் வேலை என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அதுதான் முதற் கேள்வியாகப் படுகிறது. அமெரிக்க யாப்பின் ஐந்தாவது உறுப்புரையை இங்கே எடுத்துக்கொள்வதும் அதனால்தான்.

அந்த யாப்புக்கு ஒரு திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழிகள் உண்டு. காங்கிரசின் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் முன்மொழிவது ஒன்று. இதுவரை நிறைவேறிய 27 திருத்தங்களும் இப்படி வந்தவையே. மற்றைய வழியில் தொடக்கம் மாநிலங்களிடம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களின் சட்டசபைகள், அதாவது இன்றைய 50 இல் 34, விண்ணப்பித்தால் திருத்தங்களை முன்மொழிவதற்கென ஒரு மாநாட்டைக் காங்கிரஸ் கூட்டியே ஆகவேண்டும். எந்த வழியால் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38, ஏற்றுக்கொண்டால்தான் திருத்தம் செல்லும்.

இரண்டாவது வழி இன்றைய வடிவில் யாப்புக்குள் வந்தது 1787 செப்டெம்பர் 15 ஆம் திகதி, பிலடெல்பியாவில் கையொப்பமிடுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு. வேர்ஜினியாவின் ஜோர்ஜ் மேசன் விடாப்பிடியாக நின்றார். மத்திய அரசே அடக்குமுறையில் இறங்கினால், அதைத் தடுக்கும் திருத்தத்தை அதே அரசிடம் போய்க் கேட்பதா என்பது அவருடைய வாதம். வாதம் வென்றது. ஆனாலும் அவர் யாப்பில் கையொப்பமிட மறுத்துவிட்டார். மேசன் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இதே ஐந்தாவது உறுப்புரைதான் 1808 வரை அடிமை இறக்குமதியில் எந்தத் திருத்தமும் கைவைக்கக் கூடாதென்று காவல் போட்டது.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படியொரு மாநாடு ஒருமுறைகூடக் கூடியதில்லை. அப்படியானால் இந்த உரிமை வெறும் கடதாசிதானா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். செனட் உறுப்பினர் தேர்வின் கதையைப் படித்தபிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். 1913 வரை செனட்டர்களை மாநிலச் சட்டசபைகளே தெரிவு செய்தன. மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யவேண்டுமென்ற திருத்தத்தை 1893 தொடக்கம் பிரதிநிதிகள் சபை பலமுறை நிறைவேற்றியும் செனட் அசையவில்லை. தாங்கள் ஏறிவந்த ஏணியைத் தாங்களே வெட்டுவார்களா? மாநிலங்கள் ஒவ்வொன்றாக மாநாடு கேட்டு விண்ணப்பிக்கத் தொடங்கின. எண்ணிக்கை தேவையானதை நெருங்க நெருங்க, கூடப்போகும் மாநாடு வேறு எதையெல்லாம் தொடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 1912 இல் காங்கிரஸ் தானாகவே திருத்தத்தை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. உரிமையைப் பாவிக்காமல், பாவிக்கப்போவதாகக் காட்டியே காரியம் ஆனது.

பயம் வீணானதல்ல. 1787 மாநாடு பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்கென்றே கூட்டப்பட்டது. அது அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய யாப்பை எழுதியது. பழைய விதிகளை மாற்ற 13 மாநிலங்களும் ஒன்றாக உடன்படவேண்டும் என்றிருக்க, புதியதற்கு 9 போதும் என்று தானே தீர்மானித்துக்கொண்டது. இன்று கூடும் மாநாட்டை ஒரே விடயத்துக்குள் கட்டிவைக்க முடியுமா, மாநிலத்துக்கு ஒரு வாக்கா, குடிசனத்தொகைப்படியா என்பதையெல்லாம் உறுப்புரை சொல்லவில்லை. வரவுசெலவுச் சமநிலைக்காக 1983 அளவில் 32 மாநிலங்கள் விண்ணப்பித்திருந்தன. இன்னும் இரண்டுதான். பின்னர் சில மாநிலங்கள் பயந்து விண்ணப்பத்தை மீளப்பெற்றன.

இதை வலதுசாரிகளின் ஆயுதம் என்று ஒதுக்குவோர் உண்டு. மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்கவேண்டுமென 2014 இல் ஜோர்ஜியா தொடங்கிய விண்ணப்பத்தில் 2022 அளவில் 19 மாநிலங்கள் சேர்ந்திருந்தன என்பது உண்மைதான். ஆனால் அதே 2014 இல் தேர்தலில் பாயும் பெரும்பணத்தைக் கட்டுப்படுத்த வெர்மொன்ட் விண்ணப்பித்தது. 2023 இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் கலிபோர்னியா விண்ணப்பித்தது. என்னைச் சங்கடப்படுத்துவது வேறொன்று. ஒரு திருத்தத்தை மறிக்க 13 மாநிலங்கள் போதும். ஆகச் சிறிய 13 மாநிலங்களில் வாழ்வோர் மொத்தச் சனத்தொகையில் 5 வீதம்கூட இல்லை. சிறிய அலகுகளைக் காப்பாற்றும் பொறியே பெரும்பான்மை மக்களின் நியாயமான மாற்றத்தையும் மறிக்கும். சிறுபான்மையினராகிய நமக்கு இந்தப் பொறி இனிக்கலாம். இதன் விலையையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

இலங்கைக்கு வருவோம். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி, மாகாணசபைகள் பற்றிய அத்தியாயத்தை மாற்றும் சட்டமூலத்தை ஒவ்வொரு சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்கவேண்டும். எல்லாச் சபைகளும் உடன்பட்டால் சாதாரண பெரும்பான்மை போதும். உடன்படாவிட்டாலும் பாராளுமன்றம் மூன்றில் இரண்டால் நிறைவேற்றிவிடலாம். மறிக்கும் உரிமையும் இல்லை, முன்மொழியும் உரிமையும் இல்லை. உண்மையில் அந்த அத்தியாயத்தைத் தொடவேண்டிய தேவைகூட வரவில்லை. 2017 இல் மாகாணத் தேர்தல் முறையைப் பாராளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் மாற்றியது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் அதே பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையிலும் தேர்தல் வைக்க முடியவில்லை, புதிய முறையிலும் முடியவில்லை. 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாணசபையின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஆண்டு கடைசிச் சபைகளும் கலைந்தன. நிர்வாகம் ஆளுநர்களின் கைக்குப் போனது.