கறுவா மணக்கும் அத்தர்: வாங்குமுன் இரண்டு நாள் பொறுங்கள்

(சாம்பல்தீவிலிருந்து ஓர் ஆசிரியர்)

நோன்புப் பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திருகோணமலை நகரத்துக் கடைத்தெருவில் வீதியோரமாக அத்தர் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் சின்னப் போத்தலொன்று வாங்கினேன். கலப்பில்லாத அசல் கறுவா எண்ணெய் என்று சொல்லித் தந்தார். மூடியைத் திறந்ததும் நெய்ச்சோறு தாளிக்கும்போது அடுப்படியிலிருந்து வரும் அதே மணம். வேறெதையும் யோசிக்கவில்லை. பெருநாள் காலை தொழுகைக்குப் புறப்படுமுன் மகனுடைய கழுத்தின் இரு பக்கமும் பூசிவிட்டேன். குத்பா முடிவதற்குள் பிள்ளை கழுத்தைச் சொறியத் தொடங்கினான். லுஹர் நேரத்தில் பூசிய இடம் முழுவதும் சிவந்து தடித்திருந்தது. பெருநாள் பின்னேரம் உறவினர் வீடுகளுக்குப் போகவேண்டிய நாங்கள் வைத்தியரிடம் போனோம்.

விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு "சோதித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்" என்று படிப்பிக்கும் நான், என் பிள்ளையின் தோலில் எதையும் சோதிக்காமல் பூசினேன். அதன் பின்னர் தேடிப் படித்தவற்றை எழுதுகிறேன். ஏனென்றால் கறுவா மணம் கலந்த வாசனைகள் இப்போது எங்கள் வீடுகளில் அதிகம். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டு வருகிற பைகளில் ஒன்றாவது இருக்கிறது.

எங்கள் மண்ணின் மணம்

கறுவா எங்கள் நாட்டுக்கு உரியது. திருகோணமலைப் பக்கத்து வரண்ட மண்ணில் அது பெரிதாக விளைவதில்லை. காலி, மாத்தறை, களுத்துறை போன்ற ஈரவலய மாவட்டங்களில்தான் தோட்டங்கள். 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையில் ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், மலபார், மஃபர் கரையினர் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று, பதிலாக அரசனுக்குத் துணி போன்றவற்றை அன்பளிப்பாகக் கொடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அந்தப் பாதுகாப்பு கிடைத்த முதல் இலங்கைப் பொருள் அதுதான்.

ஆனால் 'கறுவா' என்று எழுதிய போத்தல் எல்லாவற்றிலும் இந்த மரம் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மூன்று விடயங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, பட்டை எண்ணெய். கறுவாப்பட்டையை வடித்து எடுப்பது. இதன் பெரும் பகுதி சின்னமல்டிஹைட் என்ற சேர்வை. இனிப்பும் காரமும் கலந்த, நாம் 'கறுவா மணம்' என்று அறிகிற மணம் இதனுடையதுதான்.

இரண்டாவது, இலை எண்ணெய். கறுவா இலையிலிருந்து வடிப்பது, விலையில் பட்டை எண்ணெயை விட மிகவும் மலிவானது. இதில் அதிகம் இருப்பது இயூஜினோல். கராம்பிலும் அதுவே முக்கியமானது என்பதால் இலை எண்ணெய் கறுவாவைவிடக் கராம்பு போலவே மணக்கும்.

மூன்றாவது, இரசாயன முறையில் செய்யப்படும் சின்னமல்டிஹைட். 1834இல் கறுவா எண்ணெயிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்கள். 1854இல் ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார்கள். மலிவான வாசனைகளில் கறுவா மணம் பெரும்பாலும் இந்த வழியால்தான் வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் 'அசல் பட்டை எண்ணெய்' என்று சொல்லி அந்த விலையை வாங்கினால் அது தவறு.

மூக்கைப் பழக்க வீட்டிலேயே ஒரு பாடம் செய்யலாம். எங்கள் கறுவாப்பட்டை மெல்லியது, சுருட்டுப் போல பல அடுக்காக இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். கசியா எனப்படும் சீனக் கறுவா தடித்தது, கடினமானது, ஒரே சுருளாக இருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை நசுக்கி, பக்கத்தில் ஒரு கராம்பையும் வைத்து மாறி மாறி முகருங்கள். கசியா நேராக, காரமாக அடிக்கும். எங்கள் கறுவா மென்மையாக, கொஞ்சம் பூவின் சாயலோடு இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறிந்த மூக்கைக் கடைக்காரரால் எளிதில் ஏமாற்ற முடியாது.

சூடும் எரிச்சலும் ஒன்றே

கறுவா வாசனையை 'வெதுவெதுப்பானது' என்கிறோம். அந்த உணர்வு வெறும் கற்பனையல்ல. சின்னமல்டிஹைட் எங்கள் நரம்புகளில் எரிச்சலை உணரும் ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. கறுவாத் துண்டை மென்றால் நாக்கில் ஏற்படும் உறைப்பு அதனால்தான். கொஞ்சமாக இருந்தால் சூடு, கூடினால் எரிச்சல்.

இதற்கு மேல் ஒவ்வாமை என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னமல்டிஹைட் தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போன வாசனைப் பொருட்களில் ஒன்று. ஒருமுறை தோல் அதனை எதிரியாகப் பதிந்துகொண்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மாறாது. பிறகு கறுவா மணமுள்ள பற்பசை, சவர்க்காரம் கூட ஒத்துவராமல் போகலாம். பிள்ளையின் கழுத்தில் நாம் அவசரப்பட்டுப் பூசுகிற ஒரு துளியின் விலை அவ்வளவு.

இதனால்தான் வாசனைத் தொழிலுக்கான சர்வதேச அமைப்பான இஃப்ரா, தோலில் தங்கும் பொருட்களில் இதனை ஒரு வீதத்திலும் மிகக் குறைந்த அளவுக்கே அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் 26 ஒவ்வாமைப் பொருட்களின் பெயரைப் பெட்டியில் எழுதக் கட்டாயப்படுத்தியது. 2023இல் பட்டியலை 80க்கு மேல் கூட்டியது. தோலில் தங்கும் வாசனை என்றால் 0.001 வீதத்தைத் தாண்டினாலே பெயர் போடவேண்டும். ஆகவே பெட்டியின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் பொடியாக இருக்கும் எழுத்தை வாசியுங்கள். 'சின்னமல்', 'சின்னமில் அல்கஹோல்', 'இயூஜினோல்', 'கூமரின்' என்ற பெயர்கள் இருந்தால் அவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்லது அதனோடு சேர்ந்து வருபவை. பெயர் இருப்பது குற்றமல்ல. சொல்லி விற்கிறார்கள் என்றுதான் அர்த்தம். வீதியோரச் சின்னப் போத்தலில் எந்தப் பெயரும் இருக்காது. கலப்பில்லாத பட்டை எண்ணெயைத் தோலில் நேராகப் பூசவே கூடாது. நான் செய்த பிழை அதுதான்.

எங்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: அற்ககோல் இல்லை என்றால், இயற்கையானது என்றால், பயமில்லை. இந்த இரண்டு சொல்லும் தோலைக் காப்பாற்றா. அன்று நான் பூசியதில் அற்ககோல் இருக்கவில்லை. விற்றவர் சொன்னபடி இயற்கையானதும் கூட. வாசனையில் சேரும் அற்ககோலைப் பற்றி உலமாக்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. அதனை உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நான் சொல்வது தோலைப் பற்றி மட்டும்.

கடையில் எப்படித் தெரிவு செய்வது?

ஒரு வாசனையில் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் ஆவியாவதில்லை. தோடம்பழ மணத்தைத் தரும் லிமொனீன் 176 பாகை செல்சியசில் கொதிப்பது. சின்னமல்டிஹைட் ஏறக்குறைய 248. வனிலாவின் வனிலின் 285. கொதிநிலை குறைந்தது முதலில் பறந்துவிடும். ஆகவே முதல் ஐந்து நிமிடம் மூக்கில் படுவது போத்தலின் முகவுரை மட்டுமே. கறுவா அதற்குப் பிறகு தெளிவாக வரும். இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் தோலில் மிஞ்சுகிற வனிலா, அம்பர், சந்தனம் போன்றவற்றோடுதான் நாள் முழுவதும் இருக்கப்போகிறீர்கள்.

எனவே கறுவாவோடு என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 1938இல் வந்த ஓல்ட் ஸ்பைஸ் எங்கள் வாப்பாமாரின் சவர மேசையில் இருந்தது. அதில் கறுவா மற்ற வாசனைத் திரவியங்களோடு சுத்தமான, உலர்ந்த மணமாக நிற்கும். 2022இல் வெளிவந்த லத்தாஃபாவின் 'கம்ரா' வேறு வகை. கறுவாவுக்கும் சாதிக்காய்க்கும் பின்னால் பேரீச்சம்பழம், வனிலா என்று இனிப்பு. பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் முதல் வகை ஒத்துவரும். கலியாண இரவுக்கு இரண்டாவது வகை. சந்தன எண்ணெயில் கலந்த அத்தர் என்றால் மணம் உடம்போடு ஒட்டியே நிற்கும். அற்ககோல் கலந்த ஸ்பிரே முதல் சில நிமிடம் அறை முழுக்கப் பரவும்.

ஒரு நாளில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள். மூக்கு களைத்தால் உங்கள் சட்டைக் கையையே ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் தொடருங்கள். முதலில் காகிதத் துண்டில் பாருங்கள். பெட்டியின் எழுத்தை வாசித்து, பிடித்தது ஒன்றை மட்டும் முழங்கைக்கு உட்புறமாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, வாங்காமல் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 48 மணித்தியாலம் பொறுத்திருங்கள். ஒவ்வாமை உடனே தெரிவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படும். சிவப்பு, அரிப்பு, சிறு கொப்புளம் எதுவும் இல்லாவிட்டால் போய் வாங்குங்கள். இரண்டு நாளில் கடை ஓடிவிடாது.

ஏற்கெனவே கரப்பான் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் கறுவா வாசனையைத் தோலில் பூசாமலே விடுவது நல்லது. உடுப்பில் பூசுவதென்றால் முதலில் உள் மடிப்பில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். வெள்ளை ஜுப்பாவில் எண்ணெய்க் கறை போகாது. தப்பித்தவறி எரிந்தால் தண்ணீர் மட்டும் போதாது. முதலில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். மாறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

எங்கள் வெக்கைக்கு எவ்வளவு?

வாசனை விளம்பரங்கள் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதப்பட்டவை. அங்கே கறுவா குளிர்கால மணம். இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கே சட்டை நனைந்துவிடும். உடம்புச் சூட்டில் மணம் வேகமாக எழும். குளிர்நாட்டில் நாலு தடவை அடிப்பதை இங்கே ஒரு தடவையோடு நிறுத்தினாலே போதும். மாரி தொடங்கி வாடைக் காற்று வரும் காலத்திலும் இஷாவுக்குப் பிந்திய நேரத்திலும்தான் கறுவா எங்கள் ஊரில் அழகாக நிற்கும்.

எங்கள் வகுப்பறைகளில் நாற்பது பிள்ளைகள் நெருங்கி இருப்பார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் கடுமையான வாசனை மூச்சிழுப்பைக் கொண்டு வரலாம். அது தெரிந்த பின் பள்ளிக்கூட நாளில் நான் வாசனையே பூசுவதில்லை.

நறுமணத்தை அன்பளிப்பாகக் கொடுத்தால் நபி (ஸல்) அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று அனஸ் (ரழி) அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. பச்சை வெள்ளைப்பூடு சாப்பிட்டவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற அறிவுறுத்தலும் ஹதீஸில் இருக்கிறது. நாம் முதலாவதைத்தான் அதிகம் சொல்கிறோம். ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவருக்கு நம் மணம் தொந்தரவாகக் கூடாது என்பதை இரண்டாவதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

மகனின் கழுத்து ஒரு கிழமையில் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த பெருநாளைக்கு அவனே வந்து கையை நீட்டினான், "வாப்பா, முதல்ல இங்க கொஞ்சம் பூசிப் பாப்போம்" என்று. பெருநாளைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.