தொலைவுமானி ஒளிப்படக்கருவியைத் தேர்ந்தெடுத்தல்

தொலைவுமானி ஒளிப்படக்கருவி என்பது, படமெடுக்கப்படும் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கண்டறியும் ஒளியியல் அமைப்பு உள்ளிணைக்கப்பட்ட கருவியாகும். இது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றும் அழைக்கப்படுகிறது. இவ்வகையில் மிகவும் பெயர்பெற்ற லைக்கா கருவிகளின் விலை இன்று பல இலட்சம் ரூபாய் ஆகும். ஆனால் 1960களிலும் 1970களிலும் சப்பானில் பெருமளவில் செய்யப்பட்ட நிலைவில்லைக் கருவிகளும், சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட கருவிகளும் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குப் பழைய பொருளாகக் கிடைக்கின்றன. படச்சுருளில் படமெடுக்க விரும்பும் மாணவர்களுக்கும் குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கும் இவை ஏற்ற மாற்றாகும். எனினும் சரிபார்க்காமல் வாங்கப்படும் மலிவான கருவி, சுருளையும் நேரத்தையும், மீண்டும் எடுக்க இயலாத படங்களையும் சேர்த்தே வீணாக்கிவிடும்.

செயல்படும் விதம்

மனிதருக்கு இரு கண்கள் இருப்பதால் தொலைவை உணர முடிகிறது. இக்கருவியும் அதே முறையைப் பின்பற்றுகிறது. கருவியின் முன்பக்கத்தில் சற்று இடைவெளியில் இரு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் வழியாகக் காட்சி நேராகத் தெரியும். மற்றொன்றின் வழியாக வரும் பிம்பம், பாதி ஒளியை ஊடுருவவிடும் கண்ணாடியால் திருப்பப்பட்டு, முதல் காட்சியின் நடுவில் ஒரு சிறு கட்டமாக விழும். வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது இரண்டாம் பிம்பம் நகர்கிறது. இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் குவியம் சரியாக அமைகிறது.

இரு சாளரங்களுக்கும் இடையிலான தூரம் அடிநீளம் எனப்படும். அடிநீளம் கூடினால் துல்லியம் கூடும். அகன்ற துளையில், மிக அருகில் படமெடுக்கும்போது இது முக்கியமானது.

எதிரொளிப்புக் கருவியான எஸ்.எல்.ஆர். போல இதில் மேலெழும் கண்ணாடி இல்லை. எனவே ஓசையும் அதிர்வும் குறைவு; கையில் பிடித்தபடியே குறைந்த வேகத்திலும் படமெடுக்கலாம். ஆனால் காட்சியை வில்லையின் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால், வில்லையின் மூடியைக் கழற்ற மறந்தாலும் கண்ணுக்குக் காட்சி தெளிவாகவே தெரியும். புதியவர்கள் பலர் ஒரு சுருளையாவது இவ்வாறு இழக்கின்றனர்.

வரலாறு

ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. தொலைவுமானி வில்லையுடன் இணைக்கப்பட்ட லைக்கா II, கான்டாக்ஸ் ஆகிய இரண்டும் 1932இல் வெளிவந்தன. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் லைக்காவைக் கொண்டே தம் பணியைச் செய்தார். 1948 சனவரியில் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த அவர், 1950 ஏப்ரலில் ரமண மகரிசி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். மகரிசியின் இறுதி நாள்களைக் காட்டும் படங்களும் அவர் எடுத்தவையே. அமைதி தேவைப்படும் இடங்களுக்குச் சிறிய, ஓசையற்ற கருவி எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு அப்படங்கள் சான்றாகும்.

கொங்குப் பகுதியை ஒட்டிய உதகமண்டலத்தில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் "இந்து" கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஒருகாலத்தில் ஊர்தோறும் இருந்த ஸ்டுடியோக்களில் பயன்பட்டன. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. கோடக், இல்போர்ட், ஃபோமா போன்ற இறக்குமதிச் சுருள்களையே வாங்க வேண்டியுள்ளது. ஆகவே, கருவி மலிவாகக் கிடைத்தாலும் சுருளின் விலை குறைவதில்லை.

குறைந்த விலைக் கருவிகள்

யாசிகா எலக்ட்ரோ 35: 1966இல் அறிமுகமானது. 45 மி.மீ., எஃப்/1.7 வில்லை கொண்டது. துளையைப் பயனர் தேர்ந்தெடுக்க, வேகத்தைக் கருவியே அமைக்கும். மின்கலம் இல்லாவிட்டால் ஷட்டர் 1/500 நொடி வேகத்தில் மட்டுமே இயங்கும். வேகத்தைக் கையால் அமைக்க வழியில்லை.

கேனான் கேனோநெட் கியூ.எல்.17 ஜி-III: 1972இல் வெளிவந்தது. 40 மி.மீ., எஃப்/1.7 வில்லை கொண்டது. வேகத்தைப் பயனர் தேர்ந்தெடுக்க, துளையைக் கருவி அமைக்கும். மின்கலம் தீர்ந்தாலும் எல்லா வேகங்களிலும் கையால் அமைத்துப் படமெடுக்கலாம்.

ஒலிம்பஸ் 35 ஆர்.சி.: 1970இல் வந்த மிகச் சிறிய கருவி. 42 மி.மீ., எஃப்/2.8 வில்லை கொண்டது. இதையும் மின்கலம் இன்றி இயக்கலாம்.

ஃபெட், சோர்க்கி, கீவ்: இவை சோவியத் கருவிகள். முதல் இரண்டும் லைக்காவையும், கீவ் கான்டாக்சையும் அடியொற்றியவை. வில்லைகளை மாற்றலாம், மின்கலமே தேவையில்லை. ஆனால் தரம் கருவிக்குக் கருவி மாறுபடும். சோர்க்கி-4 போன்றவற்றில் சுருளை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முன்னதாக மாற்றினால் உள்ளமைப்பு பழுதாகலாம்.

முதன்முறை வாங்குபவருக்கு, மின்கலமின்றியும் முழுமையாக இயங்கும் நிலைவில்லைக் கருவியே பாதுகாப்பான தேர்வு.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

1. தொலைவுமானி: மிகத் தொலைவிலுள்ள பொருளை நோக்கி வளையத்தை முடிவிலிக் குறியில் வைக்கும்போது இரு பிம்பங்களும் பொருந்த வேண்டும். எடுத்துக்காட்டாக, ஈரோடு மாவட்டம் கொடுமுடியில் காவிரியின் படித்துறையில் நின்று மறுகரை மரங்களைப் பார்த்து இதைச் சோதிக்கலாம். அடுத்து, ஒரு மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து, வளையமும் அதே அளவைக் காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகியிருந்தாலும் பழுது பார்க்க வேண்டியிருக்கும். நடுக்கட்டம் மிக மங்கலாக இருப்பின் மாலை வெளிச்சத்தில் பயன்படுத்துவது கடினம்.

2. ஷட்டர்: பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திப் பார்க்க வேண்டும். இதழ்களில் எண்ணெய் படிந்திருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். துணித்திரை உள்ள சோவியத் கருவிகளில் ஊசித்துளைகள் உள்ளனவா எனக் காண வேண்டும். வில்லையைத் திறந்தபடி வெயிலில் வைத்தால், குவிந்த சூரிய ஒளி திரையையே எரித்துத் துளையிடும்.

3. வில்லை: டார்ச் ஒளியை வில்லையின் வழியே செலுத்தினால் சிலந்தி வலை போன்ற பூஞ்சை தெரியும். ஈரப்பதம் மிக்க இடங்களில் வைத்திருந்த கருவிகளில் இது மிகுதி. ஓரிரு தூசிகள் படத்தைப் பாதிக்கா.

4. ஒளிக்காப்பு நுரை: பின்மூடியின் விளிம்பிலுள்ள நுரை காலப்போக்கில் பிசுபிசுத்து உதிரும். இதனால் படத்தில் ஒளிக்கீற்றுகள் விழும். கறுப்புக் கம்பளி நூலோ வெல்வெட் துணியோ ஒட்டி வீட்டிலேயே சரிசெய்யலாம். இதை மட்டும் காரணமாகக் கொண்டு நல்ல கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

5. மின்கல அறை: பச்சை நிறப் படிவு இருந்தால் மின்கலம் கசிந்துள்ளது என்று பொருள். இக்கருவிகள் பலவற்றுக்கான பாதரச மின்கலங்கள் சுற்றுச்சூழல் காரணங்களால் நிறுத்தப்பட்டுவிட்டன. 1.35 வோல்ட் கலத்துக்குப் பதிலாக, காதுக்கருவிக்குரிய 675 வகைத் துத்தநாகக் காற்றுக் கலத்தைப் பயன்படுத்தலாம். அது சற்றுச் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைத்து நிலைநிறுத்த வேண்டும்.

ஒளிமானி இன்றிப் படமெடுத்தல்

ஒளிமானி பழுதான கருவிகள் மேலும் மலிவாகக் கிடைக்கும். நல்ல வெயிலில் துளையை எஃப்/16 என வைத்து, வேகத்தைச் சுருளின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமாக வைத்தால் போதும். ஐ.எஸ்.ஓ. 100 சுருளுக்கு 1/125 நொடி. 400 சுருளுக்கு 1/500 நொடி. ஆடிப்பெருக்கன்று நண்பகலில் கொடுமுடிப் படித்துறைக் கூட்டத்தைப் படமெடுக்க 100 சுருளே ஏற்றது. 400 சுருளைப் போட்டால், 1/500 நொடிக்கு மேல் வேகம் இல்லாத கருவியில் துளையைப் பெரிதாக்க இயலாது. பின்னணியை மங்கலாக்கவும் முடியாது. மரநிழலில் மூன்று படிகள் துளையைத் திறந்து எஃப்/5.6 என வைப்பது பொதுவான அளவு.

சுருளை ஏற்றியபின், அடுத்த படத்துக்கு நகர்த்தும்போது சுருளைத் திரும்பச் சுற்றும் குமிழும் சுழல்கிறதா எனப் பார்ப்பது இன்றியமையாதது. அது சுழலவில்லை எனில் சுருள் பல்சக்கரத்தில் மாட்டவில்லை. இதைக் கவனிக்காதவர் ஒரு திருமணம் முழுவதையும் எடுத்து முடித்த பிறகே சுருள் வெறுமையாக இருப்பதை அறிவார். எனவே, முதல் சுருளை வீட்டிலும் தெருவிலும் சோதனையாக எடுத்துக் கழுவிப் பார்த்த பிறகே முக்கிய நிகழ்வுகளுக்குக் கருவியைக் கொண்டு செல்ல வேண்டும்.

செலவு

கருவியின் விலை ஒருமுறைச் செலவு. சுருள், கழுவுதல், நகலெடுத்தல் ஆகியவை தொடர்செலவுகள். ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. எனவே வாங்குமுன் ஓராண்டுக்குத் தேவையான சுருள்களின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவினால் செலவு பெருமளவு குறையும். கொங்குப் பகுதியில் இதற்கு இடையூறு வெப்பமே. உருத்துலக்கிக் கரைசலுக்குப் பொதுவாக 20 பாகை செல்சியசு வெப்பநிலையே அளவாகக் கொள்ளப்படுகிறது. சித்திரை, வைகாசியில் மேல்தொட்டி நீர் 30 பாகைக்கு மேலும் இருக்கும். கரைசல் புட்டிகளைப் பனிக்கட்டி இட்ட பாத்திரத்தில் வைத்துக் குளிர்விக்கலாம். எல்லாக் கரைசல்களும் கழுவும் நீரும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். இறுதி அலசலுக்கு மின்கலக் கடைகளில் விற்கும் வாலைவடிநீரைப் பயன்படுத்தினால் உப்புக்கறை படியாது.

பொருந்தாத இடங்கள்

பறவைகள், விளையாட்டு போன்ற தொலைவுக் காட்சிகளுக்கும், பூச்சிகள், பூக்கள் போன்ற மிக அண்மைக் காட்சிகளுக்கும் இக்கருவி ஏற்றதன்று. நிலைவில்லைக் கருவிகளில் பல 80 செ.மீ.க்கும் குறைந்த தொலைவில் குவியம் கொள்ளா. அத்தகைய தேவை உள்ளவர்கள் பென்டாக்ஸ் கே1000 போன்ற பழைய எஸ்.எல்.ஆர். கருவியைத் தேடுவது நல்லது. மனிதர்கள், தெருக்கள், திருவிழாக்கள், குடும்ப நிகழ்வுகள் ஆகியவற்றுக்குத் தொலைவுமானிக் கருவி பொருத்தமானது.