உங்களுக்குத் தெரியுமா? ஆண் பிள்ளைக்கு எபிரேயப் பெயர்

சாந்தோம், அடையாறு, தி.நகர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஆண் குழந்தை பிறந்தால் ஈதன், ஏரன், ஜோஷுவா, நோவா என்று பெயர்ப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முடிவெடுக்கும் முன் இவற்றையும் படித்துவிடுங்கள்.

● புதுப் பெயர்கள் அல்ல. ஏரன்தான் ஆரோன், ஜோஷுவாதான் யோசுவா, ஈதன், சங்கீதப் புத்தகத்தில் வரும் ஏத்தான். பாட்டியின் பழைய வேதாகமத்தைப் புரட்டினால் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்.

● 'ஏல்' என்றால் கடவுள். தானியேல் 'கடவுளே என் நீதிபதி'. இம்மானுவேல் 'கடவுள் நம்மோடு'. கபிரியேல், மிக்கேல், சாமுவேல் எல்லாம் இதே வரிசை.

● விவிலியப் பெயரெல்லாம் எபிரேயம் இல்லை. சாந்தோமுக்குப் பெயர் தந்த தோமா அரமேயம்; 'இரட்டைப் பிள்ளை' என்று பொருள். பிலிப்பு, அந்திரேயா, ஸ்தேவான் கிரேக்கம். பவுல் இலத்தீன்.

● ஒரே பெயர், பல வீடுகள். சி.எஸ்.ஐ. வீட்டில் யோசேப்பு, கத்தோலிக்க வீட்டில் சூசை, இஸ்லாமியர் வீட்டில் யூசுப். தாவீதும் தாவூதும் ஒருவரே. ஆபிரகாமும் இப்ராஹிமும் அப்படித்தான். சந்தியாகு என்பதும் யாக்கோபுதான், போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது.

● எபிரேயப் பெயர்களோடு ஆயிரம் ஆண்டு உறவு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் அளித்து வெட்டித் தந்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. சென்னைக்கும் கணக்கு உண்டு: கோல்கொண்டா வைரம் தேடி வந்த யூத வணிகர் ஜாக் டி பைவா 1687-இல் இங்கேதான் மறைந்தார். 'ஜாக்' என்பதும் யாக்கோபின் பிரெஞ்சு வடிவம்.

● வளன் யார்? யோசேப்பு என்றால் 'பெருகச் செய்வார்'. தேம்பாவணியில் வீரமாமுனிவர் அவருக்கு வைத்த பெயர் வளன். 3,615 பாடல்களுக்கும் அவரே தலைவர். திருச்சி தூய வளனார் கல்லூரியின் பெயரும் இதுவே.

● யோவான், அருளப்பன் ஆன கதை. யோவான் என்றால் 'ஆண்டவர் அருளினார்'. தமிழில் அருளப்பன் ஆனார், தேம்பாவணியில் கருணையன். 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் டி பிரிட்டோவும் நம் மக்களுக்கு அருளானந்தர்.

● எபிரேயப் பெயரையும் உள்ளூர்ப் பெயரையும் சேர்த்தவர்கள். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் முழுப்பெயரில் சாமுவேல் உண்டு. 'கருணாமிர்த சாகரம்' தந்தவர் ஆபிரகாம் பண்டிதர். ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காகப் போராடி 1957-இல் கொல்லப்பட்டவர் இமானுவேல் சேகரன். இந்தப் பெயர்களில் எதையாவது அந்நியம் என்று தள்ள முடியுமா?

● வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். நோவா என்றால் 'இளைப்பாறுதல்', நல்ல பொருள். ஆனால் "நோவா, வாடா!" என்று தெருவில் குரல் கொடுத்தால், தமிழ்க் காதில் நோவு என்றும் விழும். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது அப்பாவின் இனிஷியலோடு எப்படி ஒலிக்கிறது என்பதையும் பாருங்கள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நாக்குப் புரளாமல் வரவேண்டும்.

● அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டால், பிள்ளையின் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டிலும் எழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும். ஓரெழுத்து மாறினாலும் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

● நம் பரிந்துரை: ஈதன் வைப்பதில் தவறே இல்லை. ஆனால் வளன், அருளப்பன், சூசை ஆகியவை நம் முன்னோர் பொருளறிந்து, நம் நாவுக்குப் பழக்கித் தந்த பெயர்கள். பட்டியலில் முதலில் அவற்றை எழுதுங்கள். பிள்ளை வளர்ந்து "ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், சொல்ல ஒரு வரலாறே உங்கள் கையில் இருக்கும்.